லெடெக்கி 15 வயசுல ஜெயிச்சாங்க சரி, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னும் பாக்கணும் (800 மீட்டர் பத்தி கேட்ட அப்பாவுக்கு)

கேள்விய முதல்ல சுருக்கி சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியும். பொண்ணுக்கு 12 வயசு, வேளச்சேரி பூல்ல நீந்துறா, 50 மீட்டர் 100 மீட்டர்ல மெடல் வரல, கோச் "இவ டிஸ்டன்ஸ் ஸ்விம்மர், 800க்கு மாத்திடலாம்"னு சொல்லிட்டாரு. அப்பா யூட்யூப்ல கேட்டி லெடெக்கி 15 வயசுல லண்டன் ஒலிம்பிக்ல 800 ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கின வீடியோவ பாத்துட்டு, அப்போ நமக்கு மூணு வருஷம்தான் இருக்கு, இப்பவே காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் போட்டுடலாமான்னு கேக்கறாரு. நான் புரிஞ்சிக்கிட்ட வரைக்கும் சார், நீங்க உண்மையில கேக்கறது ரெண்டு விஷயம். வேகம் வராத பிள்ளைக்குக் குடுக்கற ஆறுதல் பரிசா இந்த டிஸ்டன்ஸ் நீச்சல்ங்கறது ஒண்ணு, 15 வயசுக்குள்ள வரலேன்னா பஸ் போயிடுமாங்கறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் இல்லன்னுதான் என் பதில், ஆனா அந்த "இல்ல"க்குப் பின்னாடி நிறைய இருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளம்.

நான் ஒரு காலத்துல ஸ்டேட் மீட்ல 400, 1500 நீந்தினவன், அதுக்கப்புறம் ரொம்ப வருஷமா சென்னைல ஏஜ் குரூப் பசங்களுக்கு கோச்சிங் பண்றேன். டாக்டர் இல்ல, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் பட்டமும் இல்ல. உங்க பொண்ணு நீந்தி நான் பாத்ததும் இல்ல, அதனால அவள பத்தி தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டேன்.

லெடெக்கி கதைய எல்லாரும் லண்டன்லயே நிறுத்திடறாங்க, அதுதான் பிரச்சனையே. 2012ல அவங்க 8 நிமிஷம் 14.63 செகண்ட், அமெரிக்க டீம்லயே வயசுல சின்னவங்க, முந்தின ஒலிம்பிக்ல ஜெயிச்ச ரெபெக்கா ஆட்லிங்டன் சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னாடி நீந்துறாங்க, கூட்டம் பூரா அவங்க பேர கத்துது, அந்த சத்தத்துல இந்தப் பொண்ணு முதல்ல இருந்தே உலக சாதனை வேகத்துல போயி நாலு செகண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. சாதனைய அரை செகண்ட்ல விட்டாங்க. சரி. நாலு வருஷம் கழிச்சு ரியோல 8:04.79. அதாவது 15 வயசுல இருந்து 19 வயசுக்குள்ள கிட்டத்தட்ட பத்து செகண்ட் குறைச்சிருக்காங்க. அதுக்கடுத்து அதே 800ல அவங்க சாதனைய அவங்களே உடைச்சது எப்போ தெரியுமா, 2025 மே மாசம், 8:04.12, அப்போ வயசு 28. கழிச்சுப் பாருங்க. முதல் நாலு வருஷத்துல 9.84 செகண்ட், அடுத்த ஒன்பது வருஷத்துல 0.67 செகண்ட்.

இந்த ரெண்டு நம்பரையும் என்கிட்ட வர்ற ஒவ்வொரு பேரன்ட்கிட்டயும் சொல்றேன். டைம் குறையாத அந்த ஒன்பது வருஷமும் அவங்க தினமும் விடியக்காலைல எழுந்து பூலுக்குப் போனாங்க பாருங்க, டிஸ்டன்ஸ் ஸ்விம்மரோட கேரியர்னா என்னைப் பொறுத்தவரை அதுதான். சின்ன வயசுல உடம்பு வளரும்போது டைம் தானா இறங்கும், எந்தக் கோச்கிட்ட விட்டாலும் ஓரளவுக்கு இறங்கும், அப்பா அம்மா ரொம்ப சந்தோஷமா இருப்பாங்க. இறங்கறது நின்னதும்தான் தெரியும் யாரு தங்குவாங்க யாரு போவாங்கன்னு. நம்ம ஊர்ல அது நிக்கற வயசும் பத்தாவது போர்டு எக்ஸாம் வர்ற வயசும் ஒண்ணா இருக்கறதால பாதிப் பேர் அங்கயே காணாம போயிடறாங்க.

அந்த ஒன்பது வருஷம் ஒண்ணும் சொகுசா போகல. 2019ல தென்கொரியா குவாங்ஜு உலக சாம்பியன்ஷிப்ல 400ல ஆஸ்திரேலியாவோட ஆரியார்ன் டிட்மஸ் கிட்ட தோத்தாங்க, நடுவுல உடம்பு சரியில்லாம போயி 200, 1500 ரெண்டுல இருந்தும் விலகினாங்க, அப்புறம் அதே மீட்ல கடைசியா 800ல வந்து ஜெயிச்சாங்க. டோக்கியோல 400ல மறுபடியும் டிட்மஸ் தங்கம், இவங்களுக்கு வெள்ளி. அங்க ஒரு நாள் இருக்கு, முடிஞ்சா வீடியோ தேடிப் பாருங்க: 200 ஃபைனல்ல அஞ்சாவது இடம், மெடலே இல்ல, அஞ்சு வருஷம் முன்னாடி ரியோல அதே ஈவன்ட்ல தங்கம் வாங்கினவங்க. அது முடிஞ்சு சுமார் ஒரு மணி நேரத்துல 1500 ஃபைனல். வெளிய வந்து வார்ம் டவுன் பண்ணிட்டு திரும்பி பிளாக் மேல ஏறி அதுல தங்கம். ஒலிம்பிக்ல பொண்ணுங்களுக்கு 1500 வெச்சதே அதுதான் முதல் தடவை, ஆம்பளைங்களுக்கு 1908ல இருந்தே இருக்கு, பொண்ணுங்களுக்கு வர 2021 ஆயிடுச்சு. லெடெக்கி உலகத்துலயே அந்த தூரத்துல அசைக்க முடியாத ஆளா இருந்தும் ரியோல அந்த ரேஸே கிடையாது. எனக்கு இன்னும் அது வயித்தெரிச்சல்தான்.

2024 பிப்ரவரில கனடாவோட சம்மர் மெக்கின்டாஷ், அப்போ 17 வயசு, 800லயே இவங்கள தோற்கடிச்சாங்க, பதிமூணு வருஷமா அந்த ஈவன்ட் ஃபைனல்ல தோக்காதவங்க. அதே வருஷம் பாரிஸ்ல லெடெக்கிக்கு 800, 1500 ரெண்டும் தங்கம், 800 தொடர்ந்து நாலாவது ஒலிம்பிக். மொத்தம் 9 தங்கம், 14 மெடல். 2025 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்ல 800 ஃபைனல்ல முதல் மூணு பேரும் ரெண்டு செகண்டுக்குள்ள முடிச்சாங்க, ரியோல இவங்களுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல பதினோரு செகண்ட் இருந்துச்சு. சும்மா தனியா நீந்திக்கிட்டு இருந்தவங்க இப்போ பக்கத்து லேன்ல ஆள் மூச்சு விடறத பாத்துக்கிட்டே நீந்தறாங்க, அப்பவும் ஜெயிக்கறாங்க. என்னைக் கேட்டா லண்டன் தங்கத்த விட சிங்கப்பூர் தங்கம் பெருசு.

இப்போ உங்க முதல் கேள்விக்கு வரேன், ஸ்பீடு இல்லாத பிள்ளைதான் டிஸ்டன்ஸாங்கறது. நம்ம ஊர் பூல்ல இது ஒரு வியாதி மாதிரி பரவியிருக்கு, 50ல பின்தங்கினா 200, 200ல பின்தங்கினா 800, அதுலயும் இல்லேன்னா ஓபன் வாட்டர், அதாவது கடல், ஏரி நீச்சல்னு தள்ளிவிடறது. லெடெக்கி ரியோல 200 ஜெயிச்சாங்க, 4x100 ரிலேல கடைசி ஆளா நீந்தி அமெரிக்காவுக்கு வெள்ளி வந்துச்சு. மெதுவா நீந்தறவங்கள யாரும் ஒலிம்பிக் ரிலேல கடைசி ஆளா போட மாட்டாங்க. கணக்கா பாருங்க, 8:04.12ங்கறது 16 லெங்த் (லெங்த்னா பூலோட ஒரு முனைல இருந்து மறு முனை, 50 மீட்டர்), ஒரு லெங்த் சராசரி 30.26 செகண்ட். நம்ம ஊர் ஏஜ் குரூப்ல 50 மீட்டர் மட்டும் நீந்தி 30 செகண்டுக்குள்ள வந்தாலே கை தட்டறோம், அவங்க அத நிறுத்தாம பதினாறு தடவை பண்றாங்க. 1500 சாதனை 15:20.48, 2018ல போட்டது, அதுவும் லெங்துக்கு 30.68தான், முப்பது தடவை. ஸோ ஈஸியா போற வேகமே அவ்ளோ வேகமா இருக்கணும். ஸ்பீடு இல்லாம டிஸ்டன்ஸ் கிடையாது, ஸ்பீட கொஞ்ச கொஞ்சமா செலவு பண்ணத் தெரிஞ்சவங்கதான் டிஸ்டன்ஸ் ஸ்விம்மர்.

அப்போ கோச் சொன்னது தப்பான்னா, அப்படியும் சொல்ல முடியாது. அவரு எதப் பாத்து சொன்னாருன்னு கேளுங்க. "50ல வரல, அதனால"ன்னு பதில் வந்தா அது காரணமே இல்ல. ஆனா ஒரு நல்ல கோச் பாக்கறது வேற. பத்து 100 மீட்டர் செட் குடுத்து, 1:50 இன்டர்வல்னு வெச்சிக்கோங்க, அதாவது 1 நிமிஷம் 50 செகண்டுக்கு ஒரு தடவ அடுத்த 100 கிளம்பணும், சுவத்துல பேஸ் கிளாக் ஓடிக்கிட்டு இருக்கும், மூணாவது 100ம் ஒன்பதாவது 100ம் எவ்ளோ வித்தியாசம்னு நோட்ல எழுதுவாரு. கூடவே லெங்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்னு எண்ணுவாரு. சில பிள்ளைங்க முதல் மூணும் பறக்கும், ஏழாவதுல முழங்கை கீழ விழும், இடுப்பு மூழ்கும், ஸ்ட்ரோக் 44ல இருந்து 52க்குப் போயிடும், சுவத்த புடிச்சிக்கிட்டு கூரைய பாக்கும். சில பிள்ளைங்களுக்கு ஒன்பதாவதுலயும் அதே 44, முகம் செவந்திருக்கும் ஆனா கை அதே இடத்துல தண்ணிக்குள்ள போகும், பத்தாவது சொன்னா அது முன்னாடி வந்த எல்லாத்தையும் விட வேகமா வரும். அந்த ரெண்டாவது ரகத்த பாத்து கோச் சொல்லியிருந்தா அவர நம்புங்க. இத டிவில பாத்து கண்டுபிடிக்க முடியாது, பூல் ஓரத்துல நின்னாதான் தெரியும்.

உடம்பு பத்தி ஓரளவு உறுதியா சொல்லக்கூடியது: எட்டு நிமிஷ ரேஸ்ல பெரும்பங்கு சக்தி ஆக்சிஜன வெச்சு வர்றது, அதனால இதயம், நுரையீரல், ரத்தம் இதெல்லாம் வருஷக்கணக்கா பழகணும், குறுக்கு வழி கிடையாது. பதின்ம வயசுல போடற அடித்தளம் ரொம்ப உதவும்ங்கறதுலயும் பெரிய சண்டை இல்ல. சண்டை எங்கன்னா எவ்ளோ மீட்டர் போடணும்ங்கறதுலதான். ஒரு கோஷ்டி தினம் பத்து, பன்னெண்டு கிலோமீட்டர் இல்லாம டிஸ்டன்ஸ் ஸ்விம்மர் உருவாக மாட்டாங்கன்னு சொல்லும், இன்னொரு கோஷ்டி ரேஸ் வேகத்துல கொஞ்சமா நீந்து போதும்னு சொல்லும், ரெண்டு பக்கமும் சாம்பியன்கள் இருக்காங்க. 12 வயசுக்கு என்னோட அபிப்ராயம் வாரத்துக்கு அஞ்சு, ஆறு செஷன் தாராளம், ரெண்டு வேளையெல்லாம் 14க்கு அப்புறம் பாத்துக்கலாம். இது என் அனுபவம், அவ்ளோதான், வேற கோச் வேற மாதிரி சொல்லலாம். ஆனா தோள்ல வலின்னு பிள்ளை சொன்ன அன்னைக்கு மீட்டர குறைக்கணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது அபிப்ராயமே கிடையாது. இந்த வயசுல தோள் போனா திரும்ப வர்றது கஷ்டம்.

ஜேனட் எவான்ஸ் கதையையும் தெரிஞ்சிக்கோங்க, லெடெக்கிக்கு முன்னாடி 800ன்னா அவங்கதான். சின்ன உருவம், கைய மடக்காம காத்தாடி மாதிரி சுத்துவாங்க, எந்தக் கோச்சும் இப்படி நீந்துன்னு சொல்லிக்குடுக்க மாட்டாரு. 1988 சியோல்ல 17 வயசுல மூணு தங்கம். அடுத்த வருஷம் 18 ஆகறதுக்கு சில நாள் முன்னாடி 800ல 8:16.22 போட்டாங்க, அந்த சாதனை 19 வருஷம் நின்னுச்சு, 2008ல ஆட்லிங்டன்தான் உடைச்சாங்க. ஆனா எவான்ஸாலயே அந்த டைம திரும்ப தொட முடியல. 1992ல தங்கம் ஜெயிச்சாங்கதான், டைம் பின்னாடி போயிடுச்சு. உடம்பு வளர்ந்து மாறினது ஒரு காரணம்னு பரவலா சொல்வாங்க, அது மட்டும்தானான்னா அதுல எனக்கு சந்தேகம் உண்டு. அதுக்கு நேர் எதிர் சோவியத் யூனியனோட சால்னிகோவ், 1980 மாஸ்கோல 1500ஐ 15 நிமிஷத்துக்குள்ள முடிச்ச முதல் ஆள், 84ல அவங்க நாடு ஒலிம்பிக்குக்கே போகல, எல்லாரும் முடிஞ்சு போச்சுன்னு நினைச்ச 28 வயசுல 88ல வந்து மறுபடி தங்கம். ஆகவே 15 வயசு கெடு எல்லாம் கிடையாது சார். பொண்ணுங்க கொஞ்சம் சீக்கிரம் உச்சத்துக்கு வர்றாங்கங்கறது உண்மை, ஆனா அதுவும் இப்போ மாறிக்கிட்டு இருக்கு.

லெடெக்கி எப்படி தங்கினாங்கங்கறதுக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்வாங்க. எனக்குப் படறது இது, நிரூபிக்க முடியாது: அவங்க கோச்ச மாத்தினது எல்லாமே வாழ்க்கை மாறினப்போ, தோத்த கோவத்துல இல்ல. லண்டன் வரைக்கும் ஒருத்தர், ரியோ வரைக்கும் ஒருத்தர், ஸ்டான்ஃபோர்டுல காலேஜ் படிக்கும்போது ஒருத்தர், 2021ல இருந்து ஃப்ளோரிடால ஆன்டனி நெஸ்டி. நெஸ்டி யாருன்னு தெரியுமா, சுரினாம்னு தென் அமெரிக்கால ஒரு குட்டி நாடு, அங்க இருந்து வந்து 1988ல 100 பட்டர்ஃப்ளைல ஒரே ஒரு நூறுல ஒரு செகண்ட்ல தங்கம் ஜெயிச்சவரு. அவரும் பயிற்சிக்கு அமெரிக்கா போகவேண்டி இருந்துச்சுங்கறதையும் சேத்தே சொல்லணும், இல்லேன்னா பொய்யான நம்பிக்கை ஆயிடும். அவர் குரூப்ல லெடெக்கி கூட தினமும் நீந்தறது பாபி ஃபின்க், ஆம்பளைங்க 1500ல 14:30.67 உலக சாதனை வெச்சிருக்கறவரு. விரட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆள் இருக்கணும், அது பெரிய விஷயம். இன்னொண்ணு, 200ல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் தனிநபர் 200ஐ விட்டுட்டாங்க. தங்கம் வாங்கின ஈவன்ட்ட விடறதுக்கு மனசு வேணும்.

சென்னைக்கு வருவோம். நம்ம ஊருக்கு நீண்ட தூர நீச்சல் புதுசு இல்ல, குற்றாலீஸ்வரன் 1994ல ஒரே வருஷத்துல ஆறு கடல் கால்வாய் நீந்தி, நீச்சல் வீரர் மிஹிர் சென் 1966ல பண்ண அஞ்சை தாண்டினாரு, 96ல அர்ஜுனா விருது. அப்போ அவரு ஸ்கூல் பையன். அப்புறம் படிப்பு, வேலைன்னு போயிட்டாரு, அத தப்புன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல, பணம் போட யாரும் வரலேன்னா எந்தக் குடும்பமும் அதத்தான் பண்ணும். மாதவன் பையன் வேதாந்த் 2022ல டேனிஷ் ஓபன்ல 800 தங்கம், 1500 வெள்ளி எடுத்ததும் எல்லாரும் பாத்தோம், ஆனா அந்தக் குடும்பம் பயிற்சிக்காக துபாய்க்கே குடி போச்சு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது முடியுமா.

இங்க இருக்கற நிஜமான பிரச்சனை தண்ணி சூடு. போட்டிக்கு தண்ணி 25ல இருந்து 28 டிகிரின்னு விதி. ஏப்ரல், மே மாசம் திறந்தவெளி பூல்ல சாயங்காலம் நாலு மணிக்கு கை வெச்சுப் பாருங்க, குளிக்கற வெந்நீர் மாதிரி இருக்கும். 50 மீட்டர் அடிக்கறவனுக்கு அது ஒண்ணும் பண்ணாது, 3000 மீட்டர் போடற பிள்ளைக்கு உள்சூடு ஏறிக்கிட்டே போகும், தண்ணிக்குள்ள இருக்கறதால வேர்க்கறது தெரியாது. இது பயமுறுத்தல் இல்ல, 2010ல ஃபுஜைராவுல சூடான கடல் தண்ணில 10 கிலோமீட்டர் ரேஸ்ல ஃப்ரான் கிரிப்பன்னு அமெரிக்க வீரர் ரேஸ் நடுவுலயே இறந்துட்டாரு, அதுக்கப்புறம்தான் 31 டிகிரிக்கு மேல ஓபன் வாட்டர் நடத்தக்கூடாதுன்னு விதி வந்துச்சு. அதனால கோடைல நீள செட் எல்லாம் விடியக்காலைலதான், லேன் முனைல தண்ணி பாட்டில் இருந்தே ஆகணும், தலை வலிக்குதுன்னா வெளிய ஏத்திடணும். தண்ணிலதானே இருக்கா எதுக்கு தண்ணி குடிக்கணும்னு கேக்கற பேரன்ட்ஸ் இன்னும் இருக்காங்க.

இன்னொண்ணு யாரும் வெளிப்படையா பேசறதில்ல. 13, 14 வயசுல பொண்ணுங்க வயசுக்கு வந்ததும் வீட்ல பாட்டி, அத்தை எல்லாம் ஆரம்பிப்பாங்க, கருத்துப் போயிடுவா, தோள் ஆம்பளை மாதிரி ஆயிடும், போதும் நிறுத்துன்னு. மாசத்துல அந்த நாலு நாள் வர முடியாம போயி, கோச் ஆம்பளையா இருந்தா காரணம் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே பழக்கம் விட்டுப் போன பிள்ளைங்கள நான் நிறைய பாத்திருக்கேன், நல்ல ஸ்விம்மருங்க. உங்க மனைவி கோச்கிட்ட நேரடியா ஒரு தடவ பேசிட்டா இது பாதி சரியாயிடும். அந்த வயசுல நீண்ட தூரம் பயிற்சி பண்ற பொண்ணுங்களுக்கு இரும்புச்சத்து குறையறது சகஜம், காரணமே இல்லாம டைம் மோசமாகி எப்பவும் சோர்வா இருந்தா சோம்பேறின்னு திட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க.

இப்போதைக்கு என்ன பண்ணலாம்னா, 800க்கு "மாத்தாதீங்க", சேத்துக்கோங்க. 200, 400 ஃப்ரீ, 200 ஐஎம் (நாலு ஸ்ட்ரோக்கும் கலந்த ரேஸ்) எல்லாம் இருக்கட்டும், 50யும் விட வேணாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ 800 போடட்டும். அவளுக்கு முதல் 800 நீந்தும்போது எதிர் முனைல ஒரு ஃப்ரெண்ட உக்கார வெச்சு லெங்த் நம்பர் போர்ட தண்ணிக்குள்ள காட்டச் சொல்லுங்க, கடைசி ரெண்டு லெங்துக்கு முன்னாடி மணி அடிப்பாங்கன்னும் சொல்லிடுங்க, தெரியாம மணி சத்தம் கேட்டு முடிஞ்சிடுச்சுன்னு நின்ன பிள்ளைங்க உண்டு. நீங்க பாக்க வேண்டியது எந்த இடம் வந்தாங்கறத இல்ல. ஒவ்வொரு 100க்கும் ஸ்பிளிட் (அந்த 100க்கு மட்டும் ஆன டைம்) எழுதுங்க, ரெண்டாவது 100க்கும் ஏழாவது 100க்கும் நடுவுல எவ்ளோ போச்சுன்னு பாருங்க, அடுத்த 800ல அந்த இடைவெளி குறைஞ்சுதான்னு பாருங்க, மொத்த டைம் அப்படியே இருந்தாலும் பரவால்ல. ரெண்டு மீட் ஸ்பிளிட்டும் கைல இருந்தா இங்கயே போடுங்க சார், அத வெச்சு இப்ப சொன்னத விட உருப்படியா ஏதாவது சொல்ல முடியும்.